பக்கத்து மண்டபத்து வெளிச்சம்

அவன் எனக்குப் பண்ணினது துரோகம்ங்க. வேற பேரு அதுக்குக் கிடையாது. கை நீட்டி அடிச்சிருந்தாக்கூட வாங்கியிருப்பேன், பதிலுக்கு நானும் ரெண்டு போட்டிருப்பேன், கணக்கு தீர்ந்திருக்கும். சத்தமில்லாம, ஒரு வார்த்தை சொல்லாம, நல்லவனாட்ட மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பண்ணிட்டான்.

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி வச்சுக்கறீங்களா? இந்தப் பைக்குள்ள ஃபிளாஷ் இருக்குது. பார்த்தீங்கல்ல, சித்தோட்டுல கண்டக்டர் லக்கேஜ் போடணும்னு வந்து நின்னான். கீழ வச்சாத்தானே லக்கேஜ், மடியில வச்சா அது குழந்தை மாதிரின்னேன். மடியில வச்சேன். அவன் அந்தப் பக்கம் போனதும் கீழ இறக்கிட்டேன். பேசத் தெரியணுங்க. நான் பள்ளிக்கூடத்துல படிச்சது கொஞ்சம். மிச்சமெல்லாம் உதை வாங்கிப் படிச்சது.

யாரு அவன்னு கேக்கறீங்களா? பேரு சொல்ல மாட்டேன். அந்தப் பேரை வாயில எடுத்து அஞ்சாறு வருஷமாச்சு. எந்தங்கச்சி கலாமணியோட வீட்டுக்காரன். எனக்கு மாப்பிள்ளை முறை. ஒரு காலத்துல ரெண்டு பேரும் சேர்ந்துதான் கோபியில செல்லாண்டி ஸ்டுடியோ வச்சிருந்தோம். அவம் பொண்ணு மௌனிகாவுக்குத்தான் நாளைக்குக் காலையில முகூர்த்தம். இன்னைக்குச் சாயங்காலமே வரவேற்பு. நான் தாய்மாமன். ஒரே மாமன். நான் மேடையேறலைன்னா மாமன் சீரை யாரு செய்யறது? சென்னியப்பன் வருவானா, மாட்டானான்னு ஊரே பார்த்துட்டு இருக்குது.

நீங்க எனக்குச் சொந்தமில்லை, அவனுக்கும் சொந்தமில்லை. அதனால உங்ககிட்டயே கேக்கறேன். நான் போலாமா, கூடாதா? முழுக்கக் கேட்டுட்டுச் சொல்லுங்க.

புது வேட்டியா? அட, இது சும்மா கட்டினேங்க. ஃபிளாஷைச் சர்வீசுக்குக் குடுக்கலாம்னு காலையில ஈரோட்டுக்கு வந்தேன். இன்னைக்கு உள்ளூர்ல இருக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணித்தான் வந்தேன். அப்புறம் பார்த்தா ஃபிளாஷுல ஒரு ரிப்பேரும் இல்லை. திரும்பிப் போறேன். அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வர்றேன்.

முன்னெல்லாம் கல்யாண வீட்டுல ஃபிளாஷை ஸ்டாண்டுல தள்ளி நிறுத்தினோம்னா, அதுல இருந்து காமிராவுக்கு ஒயர் இழுக்கணும். ஒருக்கா மாப்பிள்ளையோட பெரியப்பா அந்த ஒயர்ல காலை மாட்டினாருங்க. ஆளு ஒரு பக்கம், வேட்டி ஒரு பக்கம். நம்மாளு அதையும் படம் புடிச்சுட்டான். படம் நல்லா வந்திருந்துச்சு, அது வேற விஷயம். சண்டை பெருசாகி எங்களை வெளிய போக விடாம சத்தம் போட்டாங்க. அன்னைக்கே ரெண்டு பேரும் முடிவு பண்ணினோம், இனி ஒயரே வேண்டாம், ரேடியோ டிரிக்கர் வாங்கிடலாம்னு.

அது ஒண்ணும் பெரிய வித்தை இல்லைங்க. காமிராத் தலையில தீப்பெட்டியாட்ட ஒரு பெட்டி உட்காரும். ஒவ்வொரு ஃபிளாஷுக்கு அடியிலயும் அதே மாதிரி ஒண்ணு. காமிராப் பட்டனை அமுக்கினா மேல இருக்கறது கூப்பிடும், கீழ இருக்கறது கேட்டுட்டுப் பளிச்சுன்னு எரிய வைக்கும். ஒயர் இல்லை, ஒண்ணுமில்லை. நடுவுல சுவர் இருந்தாலும் கேக்கும். ஒண்ணே ஒண்ணுதான், கூப்பிடறதும் கேக்கறதும் ஒரே சேனல்ல இருக்கணும். நம்ம பெட்டியோட முதுகுல அரிசி மாதிரி நாலு சுவிட்ச் இருக்கும். எதை மேல தள்ளறோம், எதைக் கீழ தள்ளறோம்கறதைப் பொறுத்து சேனல் மாறும்.

மெட்ராஸ் ரிச்சி தெருவுக்குப் போனோம். பேரம் பூரா நான்தான். எனக்கு ஒரு வழக்கம் உண்டுங்க. நம்ம விலையை ஒரு தடவை சொல்லணும். படியலைன்னா கடையை விட்டு இறங்கிடணும். திரும்பிப் பார்க்கக் கூடாது. மெதுவா நடக்கணும். அவனே கூப்பிடுவான். நான் இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான் எல்லாத்தையும் வாங்கியிருக்கறேன். இட்லி குண்டாவுல இருந்து இப்ப இருக்கற வீடு வரைக்கும். அன்னைக்கும் இறங்கினேன். "மச்சா, போயிடாதீங்க, நல்ல சாமானா இருக்குது"ன்னு இவன் எஞ்சட்டையைப் புடிச்சு இழுக்கறான். பேசாம வாடான்னேன். தெருமுனை கூடத் தாண்டலை, கடைக்காரன் ஓடி வந்து கூப்பிட்டான். ரெண்டு செட் அள்ளிட்டு வந்தோம். ரயில்ல வர்றப்போ முழுக்க இவன் அதை மடியில வச்சுத் தடவிக்கிட்டே வந்தான்.

முதல் கல்யாணத்துலயே ஒரு தொல்லை. கூட்டத்துல யாரோ கை பட்டு அந்தக் குட்டி சுவிட்ச் நகர்ந்துபோச்சு. நான் அமுக்கறேன், ஒரு ஃபிளாஷ் எரியுது, இன்னொண்ணு செவிட்டு மாமியாராட்ட நிக்குது. அடுத்த நாளே நான் யோசனை பண்ணினேன். எல்லாப் பெட்டியையும் ஒரே சேனல்ல வச்சு, சுவிட்ச் மேல உடனே ஒட்டற பசையை ஒவ்வொரு சொட்டு விட்டேன். இனி எவன் கை பட்டாலும் அசையாது. "மச்சா, நாளைக்கு மாத்தணும்னா?"ன்னு கேட்டான். "நாம எதுக்குடா மாத்தப் போறோம்?"ன்னேன். அந்த யோசனை எம்பட யோசனைங்க. யாராவது கேட்டா சொல்லுங்க.

அப்புறம் எதுக்குப் பிரிஞ்சீங்கன்னு கேப்பீங்க. வெளிச்சத்துக்காகத்தாங்க பிரிஞ்சோம்.

கவுந்தப்பாடியில ஒரு கல்யாணம். பொண்ணை நிக்க வச்சு அவன் படம் எடுத்துட்டு இருக்கறான். ஃபிளாஷைக் கொண்டுபோய்ப் பொண்ணுக்குப் பக்கவாட்டுல வச்சிருக்கறான்.

"மாப்ள, லைட்டை நேரா வை"ன்னேன்.

"நேரா வச்சா மூஞ்சி தோசைக்கல்லாட்ட தட்டையா இருக்கும் மச்சா. பக்கத்துல இருந்து வரட்டும். நிழல் விழுந்தாத்தான் முகம் முகமா இருக்கும்."

பொண்ணோட அம்மா வந்து காமிராவுல எட்டிப் பார்த்துச்சு. "ஏனுங்க, எம்புள்ளைக்குப் பாதி மூஞ்சி கருப்பா இருக்குது? பணம் பாதிக்குத்தான் குடுத்திருக்கறமா?"ன்னு கேட்டுச்சு.

எனக்கு எப்படி இருக்கும்? சபையில நின்னுக்கிட்டே கேட்டேன். "கல்யாணத்துக்குக் கூப்பிட்டா எழவு வீட்டாட்ட எடுக்கறே. லைட்டு புடிச்சிட்டு நின்னவனைக் காமிரா புடிக்க வச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்."

அவன் லென்சை மூடினான். காமிராவைக் கழுத்துல இருந்து கழட்டி எங்கையில குடுத்துட்டு, ஃபிளாஷ் ஸ்டாண்டுகிட்டப் போய் நின்னுக்கிட்டான். சாயங்காலம் வரைக்கும் நான் கை காட்டின பக்கமெல்லாம் லைட்டைத் தூக்கிட்டு வந்தான். திமிரைப் பார்த்தீங்களா? ஒரு வார்த்தை பதிலுக்குத் திட்டியிருந்தா அங்கயே முடிஞ்சிருக்கும். பேசாம இருந்தே என்னைக் கெட்டவனாக்கிட்டான்.

மறுநாள் ஸ்டுடியோவுல சொன்னேன், "இனி நீ தனி, நான் தனி." சொல்லிட்டுப் படி இறங்கினேன். திரும்பிப் பார்க்கலை. மெதுவாத்தான் நடந்தேன். அவனுக்கும் கூப்பிட நேரம் குடுக்கணுமில்ல? பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன். அங்க ஒரு டீ சொன்னேன். அது ஆறினதுக்கப்புறம் இன்னொரு டீ சொன்னேன்.

கூப்பிடலைங்க.

கலாமணிதான் நடுவுல நின்னு சாமானைப் பிரிச்சா. டிரிக்கர் அவனுக்கு ஒரு செட், எனக்கு ஒரு செட். எல்லாம் ஒரே சேனல். பசை போட்டது.

இப்பப் புரியுதுங்களா? கோபி என்ன கோயம்புத்தூரா? முகூர்த்த நாள்னா ஒரு மண்டபத்துல நான், அடுத்த மண்டபத்துல அவன். கச்சேரிமேட்டுல ரெண்டு மண்டபம், நடுவுல ஒரு சுவர்தான். பிரிஞ்சு முதல் ஆவணி. நான் ஃபிளாஷை நிறுத்திட்டு, காமிராவைக் கீழ வச்சுட்டு, ஒரு வாய் காபி குடிக்கறேன். பளிச்! யாரும் தொடலை. மறுபடியும் பளிச்! பொண்ணோட பாட்டனாரு கையெடுத்துக் கும்பிட்டாரு. "ஏம்ப்பா, நீ காபி குடிக்கறே, யாரு படம் எடுக்கறது? குலதெய்வமா?"ன்னாரு.

குலதெய்வம் இல்லைங்க, பக்கத்து மண்டபத்துல அந்தப் பரதேசி. அவன் அங்க அமுக்கறான், எம்பட ஃபிளாஷ் இங்க எரியுது. எம்பட வெளிச்சம், எம்பட பேட்டரி.

விடுவேனா? பெட்டியில டெஸ்ட் பட்டன்னு ஒண்ணு இருக்குது, படம் எடுக்காமயே ஃபிளாஷ் எரிஞ்சு காட்டும். நான் காபியை வச்சுட்டு அதை அமுக்க ஆரம்பிச்சேன். இங்க எரியறப்போ அங்கயும் எரியுமில்ல? ரெண்டு நிமிஷத்துல அவனுக்கும் புரிஞ்சுபோச்சு. அவனும் அமுக்கறான். நான் அமுக்கறேன், அவன் அமுக்கறான். ரெண்டு மண்டபத்துலயும் மின்னல் வெட்டுது. சின்னப் பசங்க எல்லாம் மேடைக்கு முன்னாடி வந்து ஆட ஆரம்பிச்சுட்டாங்க. நாதஸ்வரக்காரர் பயந்துபோய் நிறுத்திட்டாரு. கெட்டிமேளம்னு ஐயர் சொல்றாரு, நான் காமிராவைத் தூக்கி அமுக்கறேன், ஃபிளாஷ் எரியலை. பேட்டரி தீர்ந்துபோச்சு. தாலி கட்டின படம் இருட்டடிச்சுப் போச்சு. பக்கத்து மண்டபத்துலயும் அதே கதைன்னு அப்புறம் கேள்விப்பட்டேன். நியாயம்னு ஒண்ணு இருக்குதுங்க.

என்ன சிரிக்கறீங்க? நானே மாத்தியிருக்கலாமேன்னுதானே? எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. எம்பொண்டாட்டியும் கேட்டா. நான் எதுக்குங்க மாத்தணும்? அந்தச் சேனலை வச்சது நான். பசை போட்டது நான். புதுசா வந்தவனா நான்? அவன் மாத்தட்டும். இதைத்தான் போற வர்ற இடமெல்லாம் சொன்னேன். கலர் லேப்புல சொன்னேன், டீக்கடையில சொன்னேன், போட்டோகிராபர் சங்கத்துக் கூட்டத்துல மைக்கைப் புடிச்சே சொன்னேன். "அவன் சேனலை மாத்தணும். மாத்துற வரைக்கும் அவன் வாசப்படி மிதிக்க மாட்டேன்." ஒரு தடவை சொன்னா சொன்னதுதான்.

அவன் மாத்தலை. வருஷம் ஓடிப்போச்சு.

ஆனா ஒண்ணுங்க. போகப் போக அது ஒரு மாதிரி பழகிப்போச்சு. மண்டபத்துல போய் இறங்கி, ஸ்டாண்டை நிறுத்தி, டெஸ்ட் பட்டனை ரெண்டு தடவை அமுக்குவேன். அவன் பக்கத்துல இருந்தான்னா கொஞ்ச நேரத்துல எம்பட ஃபிளாஷ் தானா ரெண்டு தடவை எரியும். வந்துட்டான் பரதேசின்னு தெரிஞ்சுக்குவேன். வேலை முடிஞ்சு சாமானைக் கட்டறப்போ ஒரு தடவை எரியும். நானும் ஒரு தடவை அமுக்குவேன். வணக்கம் எல்லாம் இல்லைங்க, சண்டைதான். நான் இருக்கறேன், உன்னைப் பார்த்துட்டுத்தான் இருக்கறேன்னு காட்டறது. தாலி கட்டற நேரம் மட்டும் ரெண்டு பேரும் வேண்டாததுக்கு அமுக்க மாட்டோம். அதை யாரும் பேசி வைக்கலை. தொழில் தர்மம்.

ஒரு தை மாசம் முழுக்க எம்பட ஃபிளாஷ் தானா எரியவே இல்லை. ரெண்டு தடவை அமுக்கினேன், பதில் இல்லை. மறுபடியும் அமுக்கினேன். பொண்ணு மாப்பிள்ளை கண்ணைக் கசக்கறாங்க, நான் அமுக்கிட்டே இருக்கறேன். வீட்டுக்கு வந்து கலாமணிக்குப் போன் போட்டேன். சும்மாதான், பருப்பு விலை என்னன்னு கேக்கலாம்னு. "அவருக்கு டெங்குண்ணா, ஈரோட்டு ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கறோம்"னு அழுகறா. நான் போகலை. நான் எதுக்குப் போகணும்? ஆஸ்பத்திரிக்கு வெளியில இருக்கற கடையில பழம் வாங்கிக் குடுத்தனுப்பிட்டு எதிர்ல நின்னேன், அவ்வளவுதான். மூணாவது மாடியில எந்த ஜன்னல்னு தெரியலை. பையில டிரிக்கர் இருந்துச்சு. ரெண்டு தடவை அமுக்கிப் பார்த்தேன். அவங்கிட்ட அங்க ஃபிளாஷ் எங்க இருக்கப்போகுது? எனக்கே தெரியும். அது வேற விஷயம்.

பங்குனியில ஒரு நாள் எம்பட ஃபிளாஷ் தானா பளிச் பளிச்சுன்னு எரிஞ்சுச்சு பாருங்க. எழுந்து வந்துட்டான். அன்னைக்குப் பந்தியில நான் ரெண்டு தடவை பாயசம் வாங்கினேன். நல்ல பாயசம்.

அப்படி இருந்தவன்தாங்க.

போன மாசம் முகூர்த்தம். அதே ரெண்டு மண்டபம். ஸ்டாண்டை நிறுத்தினேன், ரெண்டு தடவை அமுக்கினேன். பதில் இல்லை. திரும்பவும் உடம்பு கிடம்பு சரியில்லையான்னு காமிராவைக் கீழ வச்சேன். வெளியில வந்து ஜன்னல் வழியா அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தா, மேடையில குத்துக்கல்லாட்ட நிக்கறான். படம் எடுக்கறான். அவன் ஃபிளாஷ் எரியுது. பக்கவாட்டுலதான் வச்சிருக்கறான், திருந்தலை. நான் திரும்பி எம்பட ஃபிளாஷைப் பார்க்கறேன். செத்த மாதிரி நிக்குது. அவன் அமுக்கறான், அவன்து எரியுது. எம்படது எரியலை. நான் அமுக்கறேன், எம்படது எரியுது. அவன்து எரியலை.

மாத்திட்டான்.

யாரைக் கேட்டுங்க மாத்தினான்? ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? புது செட் வாங்கி, புது சேனல் வச்சு, அவம்பாட்டுக்கு அவன் எரிய வச்சுட்டு இருக்கறான். அன்னைக்கு எனக்கு ஒரு படம் கூடக் கெடலைங்க. ஒரு ஃபிளாஷ் கூட வீணாப் போகலை. தாலி கட்டினது அவ்வளவு தெளிவா விழுந்துச்சு. பொண்ணோட அப்பாரு கையைப் புடிச்சுக்கிட்டு, "சென்னியப்பா, உங்கையில இப்படி ஒரு ஆல்பம் நான் பார்த்ததே இல்லை"ன்னாரு. எனக்குச் சோறு இறங்கலை. இலையை மடிச்சுட்டு எந்திரிச்சுட்டேன். வேலை முடிஞ்சு ஒரு தடவை அமுக்கினேன். எதுக்கு அமுக்கினேன்னு தெரியலை. வெறும் மண்டபத்துல எரிஞ்சு அணைஞ்சுச்சு.

அப்புறம்தான் கலாமணி தட்டுல பத்திரிகை வச்சு எடுத்துட்டு வந்தா. கூட மௌனிகா. "மாமா, நீங்க வந்து நின்னாத்தான் நான் மேடைக்கு வருவேன்"னு அந்தப் புள்ளை எங்காலைத் தொட்டுச்சு. நான் பத்திரிகையைத் தொடலை. நேரா கலாமணியைக் கேட்டேன்.

"உம்பட புருசன் எதுக்குச் சேனலை மாத்தினான்?"

அவ முழிக்கறா. "நீதானேண்ணா ஊரெல்லாம் மாத்தச் சொல்லிட்டு இருந்தே? மாத்தினாத்தான் வாசப்படி மிதிப்பேன்னு நீதானே சொன்னே? மௌனி கல்யாணத்துக்கு நீ வரணும்னுதான் மாத்தினாரு. புதுசு வாங்கறப்போ உன்னை மாதிரியே கடையை விட்டு இறங்கிப் பார்த்தாராம். யாரும் கூப்பிடலையாம். திரும்பப் போய்ச் சொன்ன விலைக்கே வாங்கிட்டு வந்தாரு. மச்சானுக்கு இனி ஒரு தொந்தரவும் இருக்காதுன்னாரு."

தொந்தரவாம்! கேட்டீங்களா? தொந்தரவுன்னு யாரு சொன்னா? எந்த வாயாலயாவது நான் தொந்தரவுன்னு சொல்லியிருப்பனா? மாத்துன்னு சொன்னா மாத்திடறதா? பேரம்னா என்னன்னே தெரியாத ஆளுங்க. நாம ஒரு விலை சொன்னா அவன் ஒரு விலை சொல்லணும். வந்து, "மச்சா, நான் மாத்த முடியாது, நீங்க வேணா மாத்துங்க"ன்னு எஞ்சட்டையைப் புடிச்சிருக்கணும். நான் கத்தியிருப்பேன். அவன் கத்தியிருப்பான். கலாமணி காபி போட்டிருப்பா. இவ்வளவு வருஷம் கழிச்சு, கேட்டதை அப்படியே எடுத்துக் குடுத்துட்டு நல்லவனாட்ட நின்னா, நான் எங்க போய் நிக்கறது?

"பழசை என்ன பண்ணினான்?"ன்னு கேட்டேன். தூக்கிப் போட்டிருந்தான்னா நான் இந்த பஸ்ஸுல ஏறியிருக்கவே மாட்டேன்.

"பீரோவுக்குள்ள, எம்பட பட்டுச்சேலைக்கு அடியில வச்சிருக்கறாரு. என்னையவே தொட விட மாட்டேங்கறாரு"ன்னா.

பொறுங்க, கோபி வந்துருச்சு. பூ மார்க்கெட் தாண்டினா அந்த மண்டபம்தான். அதோ, சீரியல் லைட்டு தெரியுதுங்களா? வாசல்ல பேனர் வச்சிருக்கறாங்க. பேனர்ல இருக்கற மௌனிகா படத்தைப் பாருங்க, பாதி மூஞ்சி நிழல். அவன் எடுத்ததுதான். புள்ளை அதுல அவங்கம்மாவாட்டவே இருக்குது. நல்ல படம். அது வேற விஷயம்.

நீங்க எங்க இறங்கறீங்க? இங்கதானா? நல்லதாப் போச்சு. ஒரு உதவி பண்ணுங்க. அந்த இன்னொரு பையைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. ஆமா, அது சீர்த்தட்டு சாமான்தான். மாமன் வேட்டி, தேங்காய், பழம். ஈரோட்டுல மலிவாக் கிடைச்சுதுன்னு வாங்கினேன்.

நான் உள்ள வர மாட்டேன். அந்த வேப்பமரத்துக்கிட்ட நின்னுக்குவேன். நீங்க நேரா உள்ள போங்க. மேடைக்குப் பக்கத்துல, பொண்ணோட அப்பனா மாலை போட்டுக்கிட்டு நிக்காம, காமிராவை மாட்டிட்டு ஒருத்தன் அலைவான். அவன்தான். நான் சொன்னேன்னு சொல்லுங்க. வேண்டாம், நான் சொன்னேன்னு சொல்ல வேண்டாம். வெளியில ஒரு ஆளு நிக்கறாருன்னு சொல்லுங்க, அது போதும்.

வீட்டுக்கு ஆள் அனுப்பி அந்தப் பீரோவைத் திறக்கச் சொல்லுங்க. சேலைக்கடியில இருக்கற பழைய பெட்டியை எடுத்து ஃபிளாஷுக்கு அடியில மாட்டச் சொல்லுங்க. அதே சேனல், பசை போட்ட சேனல். நான் இங்க நின்னு எம்பட டிரிக்கரை ரெண்டு தடவை அமுக்குவேன். உள்ள ரெண்டு தடவை எரியணும். எரிஞ்சா நான் வந்து சீர் செய்யறேன், சாப்பிடறேன், எல்லாம் பண்ணறேன். லைட்டைப் பக்கத்துலயே வச்சுக்கட்டும், அதுக்குக்கூட ஒண்ணும் சொல்லலை. ஆனா மாத்தினதை அவன்தான் திரும்ப மாத்தணும். நான் எதுக்குங்க மாத்தணும்?

சீக்கிரம் போங்க. புள்ளை மேடையேறப் போகுது.